மறைத்து வைத்த குளிசை

சில மாதங்களின் முன் நம்மிடம் பயின்ற பழைய மாணவர் ஒருவர் வந்திருந்தார். அவருடைய தாயார் மனச்சோர்வுக்கு மருந்துண்பவர். விருந்தினர் கண்ணிற் பட்டுவிடுமென்று அஞ்சி, உறையிலிருந்த மருந்தின் பெயரைக் கிழித்தெறிந்து, குளிசைகளை வெறும் போத்தலொன்றில் ஒளித்து வைத்திருந்தாராம். தடிமனுக்கென வேறொரு வைத்தியரிடம் சென்றபோதும் அதுபற்றி வாய் திறக்கவில்லை. காய்ச்சலுக்கு மருந்துண்ண நாணாத நாம் இதற்கு மட்டும் நாணுவதேன்? இந்நாணம் எத்துணை ஆபத்தானது என்பதை உணர்த்தும் வரலாறொன்றை இவ்வாரம் கூறுவோம்.

1952ஆம் ஆண்டளவில், நியூயோர்க் நகரின் ஸ்ரேற்றன் தீவிலிருந்த சீ வியூ வைத்தியசாலையில், சயரோகிகளுக்கு ஐப்ரோனியாசிட் என்னும் புதிய மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். நோயாளர் நன்கு உண்டனர். அதனோடு, சோர்ந்திருந்த உள்ளமும் களிப்புற்றது. 1957இல் நேதன் கிளைன் முதலிய மனநோய் வைத்தியர்கள் அதனையே மனச்சோர்வுக்கு வழங்கலாயினர். ஈரலைப் பழுதாக்கியமையால் அம்மருந்து பின்னர் பெரும்பாலும் கைவிடப்பட்டது. அதன் இனத்தைச் சேர்ந்த வேறு சில நிலைத்தன.

நம் உடலில் மொனோ அமைன் ஒட்சிடேசு என்றொரு நொதியம் உண்டு. மூளையில் நரம்புக்கு நரம்பு செய்தி கொண்டுசெல்லும் சில பொருள்களை அது சிதைக்கும். இவ்வின மருந்துகள் அந்நொதியத்தைத் தடுப்பதால் அப்பொருள்கள் பெருகுகின்றன. சில வாரங்களிற் சோர்வும் தணிகின்றது. ஆனால் அதே நொதியம் குடலிலும் ஈரலிலும் காவல் புரிகின்றது. நாட்பட்ட உணவிலுள்ள தைரமின் என்னும் பொருளை அங்கேயே அழிப்பது அதன் பணி. காவல் நீங்கினால், தைரமின் இரத்தத்திற் கலந்து, இரத்த அமுக்கத்தைத் திடீரென உயர்த்தும். மூளையில் இரத்தக் கசிவும் நேரலாம்.

இது வெளிப்பட்ட விதமே நம் கருத்துக்குரியது. 1963இல், இலண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையில் இளம் வைத்தியராயிருந்த பரி பிளக்வெல், இம்மருந்தை உண்டோர்க்கு நேர்ந்த ஆபத்துப் பற்றி மருத்துவ இதழொன்றில் எழுதினார். அதனைக் கண்ட நொட்டிங்கம் நகர மருந்தாளர் ஒருவர் அவருக்குக் கடிதம் வரைந்தார். தம் மனைவி இம்மருந்தை உண்பவர் என்றும், பாலாடைக்கட்டி உண்டபின் இருமுறை கடுந் தலையிடி கண்டதென்றும், பாலினாலோ வெண்ணெயினாலோ தீங்கொன்றும் நேரவில்லையென்றும் அதில் எழுதியிருந்தார். பிளக்வெல் இதனை ஆராய்ந்தார். உடன்பட்ட நோயாளி ஒருவர் பாலாடைக்கட்டி உண்ண, இரத்த அமுக்கம் ஏறிற்று. உண்மை துலங்கிற்று.

அக்கணவர் தம் இல்லத்து நோயை மறைத்திருப்பாராயின், அவ்வுண்மை வெளிப்பட எத்தனை காலம் சென்றிருக்குமோ!

இன்று இவ்வின மருந்துகளை வைத்தியர் அரிதாகவே வழங்குகின்றனர். 1980களின் பிற்பகுதியில் வந்த புளுவொக்செற்றீன் போன்றவற்றுக்கு இவ்வுணவுக் கட்டுப்பாடு இல்லை. ஆயினும் பழைய இன மருந்தை உண்போர், பாலாடைக்கட்டியை மட்டுமன்றிப் பாணிற் பூசும் மார்மைட்டையும், நாட்பட்ட கருவாட்டையும், சோயா சோஸையும் விலக்கல் வேண்டும். தடிமனுக்கும் இருமலுக்கும் கடையில் வாங்கும் மருந்துகள் சிலவும் அவர்க்கு ஆகா. பழைய இனத்தையும் புதிய இனத்தையும் ஒருங்கே உண்ணலாகாது. ஒன்றை விட்டு மற்றதைத் தொடங்க வாரக்கணக்கில் இடைவெளி வேண்டும். இவற்றையெல்லாம் வைத்தியரே தீர்மானிப்பார். ஆனால் நாம் சொல்லாததை அவர் எங்ஙனம் அறிவார்?

அம்மாணவரிடம் நாம் கூறியது இதுவே: தாயார் உண்ணும் மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதி, எந்த வைத்தியரிடம் சென்றாலும் அதனை முதலிற் காட்டுக. குணங் காணச் சில வாரங்கள் செல்லும்; பயனில்லையென்று இடையில் தாமாக நிறுத்த விடாதீர். மனச்சோர்வு மற்றை நோய்களைப் போல் ஒரு நோயே. அதற்கு மருந்துண்பது குற்றமன்று. அம்மருந்தை மறைப்பதே கேடு.