காமெட்டுக்கு நம்ம ஊர் பாடி கட்டுங்கள்

பழைய லேலண்ட் காமெட் லாரியைச் சிறிதாகச் செய்து பார்க்கும் நண்பர்களே, தயவுசெய்து இங்கிலாந்துப் படத்தைப் பார்த்துச் செய்யாதீர்கள். அந்த வேலையை டிங்கி பொம்மைக் கம்பெனி 1949லேயே செய்துவிட்டது.

இஞ்சினும் சேஸும் லேலண்ட் வம்சம்தான், மறுக்கவில்லை. அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது அந்த உறவால்தான். ஆனால் இங்கே காமெட் கேபின் இல்லாத வெறும் சேஸாகப் பட்டறைக்கு வரும். மரச்சட்டம் நிறுத்தி, தகடு அடித்து, கேபினும் தொட்டியும் கட்டியது நம் ஆசாரிகள். கேபின் தலைமேல் தார்ப்பாய் போடும் கேரியர் டிங்கியில் உண்டா?

பிளாஸ்டிக் ஷீட் கிடைக்கவில்லை என்று புலம்பவும் வேண்டாம். எண்ணெய் டின் தகடும் தேக்குத் துண்டும் போதும். 1:24 அளவில் அடிக்கு அரை அங்குலம். 17 அடி பாடி எட்டரை அங்குலம். இதற்கு என்ன பெரிய கணக்கு?

இங்கிலாந்துக் கேபினுக்குக் கம்பெனி வரைபடம் உண்டு. நாமக்கல் கேபினின் அளவு ஆசாரியின் கையில்தான் இருந்தது. இப்போது கேபினோடேயே லாரி வருகிறது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். டிரைவர் வெந்து சாகாமல் இருந்தால் எனக்கும் சந்தோஷமே. பழைய மரக் கேபின் உடைப்புக் கடைக்குப் போகுமுன் அதை அளந்து வைப்பது யார்? மாடல் செய்கிற நாம்தானே! டேப்பை எடுத்துக்கொண்டு பட்டறைப் பக்கம் போங்கள். வயதான ஆசாரி யாராவது இருப்பார். கதவு உயரத்தை முதலில் கேளுங்கள்.