முற்றத்து நீலப்பூவும் மழைநீரும்

வீட்டு முற்றத்தில் பூச்செடி வளர்ப்பது வசதி படைத்தோர் பொழுதுபோக்கு என்றோர் எண்ணம் நம் அங்கத்தினரிடையே உண்டு. தண்ணீருக்குத் தவிக்கும் திருப்பூர் வட்டாரத்தில் அவ்வெண்ணம் எழுவது இயல்பே. ஆயினும், நீல சால்வியா என்னும் சிறு செடியை அவ்வாறு ஒதுக்கிவிடலாகாது என்பதே நமது கருத்து.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலமும் மெக்சிகோவும் இதன் தாயகம். துளசியும் தும்பையும் சேர்ந்த குடும்பத்தையே இதுவும் சேர்ந்தது. குட்டை ரகங்கள் ஒன்றரை அடி உயரமே வளர்வதால் தொட்டியிலும் அடங்கும். விதையை ஆழப் புதைக்காது மேலாகத் தூவி ஈரம் காத்தால் இரண்டு வாரங்களில் முளைக்கும். நல்ல வெயிலும், நீர் தேங்காத மண்ணும் வேண்டும். வேரூன்றிய பின் மேல்மண் காய்ந்த பிறகு நீர் வார்த்தால் போதும். வாடிய கதிர்களைக் கிள்ளிவிட, புதுக்கதிர்கள் தோன்றும்.

இதனால் பயன் யாதெனில், தேனீக்கள் இதனை நாடி வருகின்றன. பூசணியும் வெள்ளரியும் பாகலும் காய்பிடிக்கத் தேனீ வேண்டும். வயலில் பூ இல்லாத நாட்களிலும் அவற்றுக்கு இரை கிடைப்பது விவசாயிக்கு நன்மையே.

எந்த நீரை வார்ப்பது என்பதே கேள்வி. பருத்தித் துணிக்குச் சாயமேற்ற உப்பு மிகுதியாக வேண்டும். அது நொய்யலில் கலந்ததன் பலனை நாம் அறிவோம். 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. உப்பேறிய கிணற்று நீரை வார்த்தால் இச்செடியின் இலையோரம் கருகிவிடும். ஆழ்குழாய்க் கிணற்று நீரைப் பூவுக்கு இறைப்பதும் முறையன்று.

மழைநீரும் கழுநீருமே இதற்கு ஏற்றவை. மாடில்லாத வீடுகளில் அரிசி களைந்த நீர் சாக்கடைக்கே போகிறது. அதனைச் செடிக்கு வார்க்கலாம். சோப்பு நீர் ஆகாது. 2003-இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேமிப்பைக் கட்டாயமாக்கியது. அன்று அமைத்த குழாய்களில் அடைபட்டுக் கிடப்பவற்றை ஐப்பசி மழைக்கு முன் செப்பனிடுதல் அங்கத்தினர் கடமை.

சங்கங்கள் பொதுவில் ஒரு நாற்றங்கால் அமைத்து இச்செடியை வழங்க முன்வரவேண்டும். மழைநீர்க் குழாயைச் செப்பனிட்ட வீட்டுக்கே முதல் நாற்று என்று விதி செய்தால், பூவோடு நீரும் நமக்கு மிஞ்சும்.