நந்தி தலைதூக்கும் வகுப்பறை



மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்க இறங்க, பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி மெல்லத் தலைதூக்கும். அணைக்காக நீரில் மூழ்கிய ஊர்களின் மிச்சம் அது.

நான்காம் வகுப்பில் அந்த நந்தியை வரையச் சொல்லிப் பாருங்கள். ஒரு பிள்ளை கழுத்தளவுத் தண்ணீரில் நிறுத்துவாள். இன்னொருவன் அதன் முதுகில் கொக்கை உட்கார வைப்பான். "அணையில் முழுசா 120 அடி தேங்கும். இன்னிக்கு 75 அடின்னா இன்னும் எத்தனை அடி ஏறணும்?" என்று டீச்சர் கேட்டால், கழித்தல் கணக்கு படத்துக்குள்ளேயே முடிந்துவிடும். "இங்கே முன்னே யாரு குடியிருந்தாங்க?" என்றால் வரலாறு. நந்தி பேசுவதுபோல் நாலு வரி எழுதினால் தமிழ்.

ஆனால், "எனக்கு வரையவும் வராது, பாடவும் வராது" என்று தயங்கும் ஆசிரியர்கள் பலர். அவர்கள் படித்த வகுப்பறை அப்படி. 2007-08இல் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலும், 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் பாட்டையும் கதையையும் வகுப்புக்குள் கொண்டுவந்தன. இனி மாற வேண்டியது ஆசிரியர் பயிற்சி. அங்கே ஆசிரியர் உட்கார்ந்து குறிப்பெடுத்தால் போதாது. களிமண் பிசைய வேண்டும், பொம்மையைக் கையில் மாட்டிப் பேச வேண்டும், தடுமாறி மறுபடி செய்ய வேண்டும். தானே தடுமாறிப் பார்த்தவர், தடுமாறும் பிள்ளையை அதட்டமாட்டார்.

கற்றுத்தர ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. மேட்டூர் வட்டாரம் கூத்துக்குப் பேர்போனது. அங்குள்ள ஏர்வாடியில் மு. ஹரிகிருஷ்ணனின் களரி தொல்கலைகள் மையம் அந்தக் கலைஞர்களைத் தாங்கி நிற்கிறது. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. இராஜகோபாலும் ஹன்னா டி புருயினும் 2002இல் தொடங்கிய குருகுலம், 2020 வரை கட்டைக்கூத்தையும் பள்ளிப் படிப்பையும் ஒரே கூரையின்கீழ் நடத்திக் காட்டியது.

கூத்தில் திரைக்குப் பின்னே ராஜா வந்து நிற்பார். கட்டியக்காரன் விடமாட்டான்: நீ யாரு, எந்த ஊரு, எதுக்கு வந்தே? கேள்வி மேல் கேள்வி கேட்டே கதையை வெளியே இழுப்பான். நல்ல ஆசிரியர் செய்வதும் இதைத்தானே! அந்தக் கட்டியக்காரனை ஒருநாள் பயிற்சிக்கு அழைத்து, ஆசிரியர்கள் எதிரே நிற்க வைப்போம்.

ஆசிரியர்களே, உங்கள் வகுப்பில் இந்த மாதம் பிள்ளைகள் வரைந்ததை, நடித்ததை எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் அவற்றுக்காக இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்