பால்காரர் வீட்டு விருந்தாளிகள்

ஐம்பது பேருக்கு உலை வைத்திருக்கிறீர்கள். வாசலில் வந்து நிற்பவர்களோ நானூறு பேர். போதாக்குறைக்கு மழையும் பிடித்துக்கொள்கிறது. என்ன செய்வீர்கள், அம்மணி?

1969-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் மாக்ஸ் யாஸ்கர் என்ற பால் பண்ணைக்காரருக்கு ஏறக்குறைய இப்படித்தான் ஆயிற்று. ஆனால் அங்கே கணக்கெல்லாம் ஆயிரத்தில்! ஐம்பதினாயிரம் பேருக்கு மேல் வரமாட்டார்கள் என்று விழாக்காரர்கள் ஊர் அதிகாரிகளிடம் சொல்லியிருந்தார்கள். வந்து குவிந்தவர்கள் சுமார் நாலு லட்சம்.

'உட்ஸ்டாக்' சங்கீத விழாவைத்தான் சொல்கிறேன். பேர்தான் உட்ஸ்டாக், நடந்தது நியூயார்க் மாகாணத்தில் பெத்தல் என்ற சிற்றூரில். முதலில் பேசி வைத்திருந்த வால்கில் என்ற ஊர், விழாவுக்கு ஒரே மாதம் இருக்கும்போது அனுமதி மறுத்துவிட்டது. முகூர்த்தம் நெருங்குகையில் சத்திரம் கைவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? அப்போது தம் நிலத்தைக் குத்தகைக்குத் தந்தவர் யாஸ்கர்.

ஊருக்கு ஏன் அவ்வளவு பயம்? வருகிறவர்கள் 'ஹிப்பி'கள்! தோளில் புரளும் தலைமுடி, கழுத்தில் மணிமாலை, காலில் செருப்புகூடக் கிடையாது. படிப்பும் வேண்டாம், உத்தியோகமும் வேண்டாம் என்று வீட்டை விட்டுக் கிளம்பிய பிள்ளைகள். கஞ்சாப் புகையும் அவர்களோடு வரும். இதெல்லாம் மெய்தான். ஆனால் இன்னொன்றும் மெய். அன்று வியத்நாமில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. வயது வந்த பிள்ளைக்குச் சர்க்காரிடமிருந்து எப்போது ஓலை வருமோ என்று எத்தனையோ தாய்மார்கள் தபால்காரரைக் கண்டு நடுங்கிய காலம் அது.

"மாக்ஸிடம் பால் வாங்காதீர்கள்" என்று ஊரில் பலகை வைத்தார்கள். அதைப் பார்த்ததுமே யாஸ்கரின் மனைவி மிரியத்துக்குப் புரிந்துவிட்டதாம், இனி இந்த மனிதர் பின்வாங்கப் போவதில்லை என்று! கணவரின் சுபாவம் மனைவிக்குத் தெரியாதா? இத்தனைக்கும் யாஸ்கருக்கு அப்போது வயது 49. யுத்த விஷயத்தில் அவர் அந்தப் பிள்ளைகளின் கட்சியும் அல்ல.

ஆகஸ்ட் 15-ஆம் தேதி வெள்ளிக்கிழமை விழா ஆரம்பமானது. வேலி போட்டு முடிப்பதற்குள் ஜனங்கள் உள்ளே வந்துவிட்டதால், டிக்கெட் இல்லாதவர்களும் இலவசமாகவே கேட்டார்கள். அன்றைய கூட்டத்துக்கு ஆசியுரை வழங்கியவர் யார் தெரியுமா? கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் செட்டிபாளையத்தில் பிறந்த ஸ்வாமி சச்சிதானந்தர்! அன்றிரவு மழையில் ரவிசங்கர் சிதார் வாசித்தார். ஆறு மாதக் கர்ப்பிணியான ஜோன் பேயஸ், நள்ளிரவு கடந்த பிறகு மேடையேறிப் பாடினார். பட்டாளத்தில் சேர மறுத்த அவருடைய கணவர் அப்போது சிறையில் இருந்தார்.

சாலைகள் அடைபட்டன. ஆகாரம் தீர்ந்துபோயிற்று. நிலமெல்லாம் ஒரே சேறு. பக்கத்திலிருந்த மான்டிசெல்லோ என்ற ஊரில் யூதப் பெண்மணிகள் ஒன்றுகூடி, ரொட்டியை அறுத்து, இறைச்சித் துண்டும் ஊறுகாயும் வைத்து, மூட்டை மூட்டையாக சாண்ட்விச் செய்தனுப்பினார்கள். அவற்றை விநியோகித்தவர்கள் கிறிஸ்துவக் கன்னிகாஸ்திரீகள்! அக்கம்பக்கத்தில் சிலர் குடிநீரைக் காசுக்கு விற்பதாகக் கேள்விப்பட்ட யாஸ்கர் கொதித்துப் போனார். தம் பண்ணையில் தண்ணீர் இலவசம் என்று பலகை எழுதி வைத்தார்.

எல்லாம் நன்றாகவே முடிந்தது என்று சொல்ல மாட்டேன். போதை மருந்தால் உயிர் போயிற்று. வயலில் படுத்துறங்கிய ஒரு சிறுவன் மீது டிராக்டர் ஏறிவிட்டது. போதையும் சேறுமாக இருந்த அந்தச் சூழ்நிலை தமக்குப் பிடிக்கவில்லை என்று ரவிசங்கரே பின்னால் சொன்னார். அதே வருஷம் டிசம்பரில் கலிபோர்னியாவில் ஆல்டமான்ட் என்ற இடத்தில் நடந்த இன்னொரு இலவசக் கச்சேரியில் கத்திக்குத்து விழுந்து ஒருவர் மாண்டார். அன்பு, அமைதி என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது என்பதை அந்தத் தலைமுறை அன்று கண்டுகொண்டது.

யாஸ்கர் என்ன ஆனார்? அக்கம்பக்கத்தார் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். பழகிய ஊரிலேயே அவருக்கு முகம் கொடுப்பார் குறைந்தார்கள். 1971-இல் பண்ணையை விற்றுவிட்டு ஃபிளாரிடாவுக்குப் போனார். 1973-இல், 53 வயதில் காலமானார். அவருடைய பழைய வயல் இன்று பாதுகாக்கப்பட்ட சரித்திரச் சின்னம். அருகே ஒரு காட்சிசாலையும் இருக்கிறது.

அந்த மேடையில் பாடியவர்களைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் வந்துவிட்டன. ரொட்டி அறுத்த பெண்மணிகளின் பேரை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அந்தப் பிள்ளைகளின் தலைமுடியும் நடையுடையும் அவர்களில் எத்தனை பேருக்குப் பிடித்திருக்கும்? பசிக்கிறது என்று கேட்டதும் அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கத்தியை எடுத்துவிட்டார்கள்.

உங்கள் வீட்டிலும் முடி வளர்த்துக்கொண்டு எதிர்த்துப் பேசுகிற பிள்ளை ஒருவன் இருக்கிறானா? கண்டிக்க வேண்டியதைக் கண்டியுங்கள், தவறே இல்லை. ஆனால் சாப்பாடு போட்ட பிறகு கண்டியுங்கள்.