வெள்ளிமலைக் கடுக்காயும் நானோ வெள்ளியும்

கல்வராயன் மலையின் முக்கியமான ஊருக்கு வெள்ளிமலை என்று பெயர். அங்கே வெள்ளி கிடைக்காது, கடுக்காய் கிடைக்கும். (பெயர் வைத்தவரை இனிமேல் கேட்கவா முடியும்?) இப்போது இந்த இரண்டையும் சேர்த்துக் காயத்துக்குக் கட்டுத்துணி செய்யலாம் என்று ஆராய்ச்சிக் கட்டுரைகள் வருகின்றன. இதற்குப் பசுமை நானோ தொழில்நுட்பம் என்று பெயர். அந்தப் பசுமையில் எவ்வளவு பச்சை, எவ்வளவு பெயிண்ட் என்று கொஞ்சம் கணக்குப் பார்த்தால் தப்பில்லை.

செய்முறை ரொம்பச் சுலபம். சில்வர் நைட்ரேட் கரைசலில் கடுக்காய்ச் சாற்றை ஊற்ற வேண்டும். கடுக்காயைக் கடித்தால் நாக்கு இழுத்துக்கொள்ளும் அல்லவா, அந்தத் துவர்ப்புக்குக் காரணமான டானின்கள் வெள்ளி அயனிகளை வெள்ளித் துகள்களாக மாற்றிவிடும். எல்லாமே 100 நானோமீட்டருக்கும் குறைவான துகள்கள். கரைசல் பழுப்பானால் துகள் உருவாகிவிட்டது என்று அர்த்தம். அதைப் பருத்தித் துணியிலோ, இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் படலத்திலோ ஏற்றினால் கட்டுத்துணி தயார். துகளிலிருந்து கசியும் வெள்ளி அயனி பாக்டீரியாவின் சவ்வையும் நொதிகளையும் ஒரே நேரத்தில் பதம் பார்க்கும்.

தேவை இல்லாத சரக்கு என்று சொல்லவே முடியாது. எந்த ஆன்டிபயாடிக்குக்கும் லேசில் அடங்காத என்.டி.எம்-1 கிருமிகள் சென்னையிலும் இருப்பதை 2010லேயே லான்செட் குழும இதழில் வெளியான கட்டுரை காட்டியது. அதை எழுதியவர்களில் முதல் பெயர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளருடையது. இன்னொரு பக்கம், 2023ல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. சர்க்கரைக்காரர்களின் கால் புண் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஆனாலும் சில விஷயங்கள் உறுத்துகின்றன. இதில் பச்சை என்று சொல்ல முடிவது சோடியம் போரோஹைட்ரைடு மாதிரி ரசாயனத்துக்குப் பதில் செடிச் சாறு போட்டதை மட்டும்தான். வெள்ளி வழக்கம்போல சுரங்கத்திலிருந்துதான் வருகிறது. கழுவித் தள்ளினால் சாக்கடைக்குப் போய் அங்கே இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். வெள்ளிக்குக் கிருமி பழகாது என்பதும் கதைதான். 1975லேயே பாஸ்டன் ஆஸ்பத்திரி ஒன்றின் தீக்காயப் பிரிவில் சில்வர் நைட்ரேட்டுக்கு அசையாத சால்மோனெல்லா பிடிபட்டது. 26 மருத்துவப் பரிசோதனைகளை அலசிய 2010 காக்ரேன் ஆய்வு, வெள்ளி மருந்துகள் காயத்தில் தொற்று வராமல் தடுக்கும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தது. கண்ணாடித் தட்டில் கிருமி செத்துப்போவது வேறு, மனுஷன் காலில் புண் ஆறுவது வேறு. முக்கால்வாசிக் கட்டுரைகள் கண்ணாடித் தட்டோடு டாட்டா காட்டிவிடுகின்றன.

சரி, காசு விஷயத்துக்கு வருவோம். காமர்ஸ் மூளைக்கு அதுதானே முதலில் உறைக்கும்! கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்குபவர்கள் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்துக்காரர்கள் இல்லை, தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்). மத்திய அரசின் 2020 ஆதார விலைப் பட்டியலில் கடுக்காய் கிலோ 15 ரூபாய். நானோ கட்டுத்துணிக்குப் பேட்டன்ட் கிடைத்தால் அந்தப் பதினைந்து ரூபாய் எவ்வளவு ஏறும்? ஒரு பைசா கூட ஏறாது. ஏனென்றால் கொஞ்சூண்டு சாறே போதும்.

மஞ்சள் காயத்தை ஆற்றும் என்று 1995ல் அமெரிக்காவில் பேட்டன்ட் கொடுத்தபோது நம்முடைய சி.எஸ்.ஐ.ஆர். சண்டை போட்டு 1997ல் அதை ரத்து செய்ய வைத்தது. கைதட்ட வேண்டிய வேலைதான். ஆனால் வெளிநாட்டுக்காரனிடம் காட்டிய அந்த ரோஷம் உள்ளூர்க் கணக்கில் காணோமே! 2002 பல்லுயிர்ச் சட்டத்தில் ஊர் மக்களுக்குப் பங்கு உண்டு. 2023ல் திருத்தம் வந்து, ஏட்டில் பதிவான மரபு அறிவைப் பயன்படுத்துபவர்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டது. கடுக்காய் சித்த மருத்துவ ஏடுகளில் இல்லாமலா இருக்கும்? கம்பெனி வக்கீலுக்கு இதைவிட வசதியான வாசகம் கிடைக்காது.

பங்கு கொடுத்தால் தொழில் படுத்துவிடும் என்பவர்கள் கேரளத்தைப் பார்க்கலாம். அகத்தியமலையின் காணி மக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சையிலிருந்து ஜீவனி என்ற மருந்து வந்தது. அதன் உரிமத் தொகையில் பாதியைக் காணி மக்களுக்குக் கொடுப்பதாக ஒப்பந்தம் போட்டார்கள். அதிலும் ஆயிரம் ஓட்டை உண்டு. இருந்தாலும் பாதி என்று எழுத்தில் இருந்தது.

2022ல் திறந்த கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மலைக்குக் கீழே சிறுவங்கூரில்தான் இருக்கிறது. இந்தக் கட்டுத்துணியை அங்கே சாதாரணக் கட்டுத்துணியோடு சேர்த்து வைத்துச் சோதிக்கலாம். எத்தனை நாளில் புண் ஆறியது, ஒரு கட்டுக்கு என்ன செலவு, இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதலாம். மூன்றாவதாக ஒரு காலம் போட்டுக் கடுக்காய் பொறுக்கியவருக்கு எவ்வளவு போனது என்றும் எழுதட்டும். அது வரைக்கும் பசுமை என்கிற வார்த்தையைத் தலைப்பில் போடாமல் இருக்கலாம்.