திறமைக்குத் தீர்வையா?

2025 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் பிறப்பித்த உத்தரவொன்று தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றைக் கலங்கச் செய்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு நிபுணரைப் புதிதாக 'எச்-1பி' விசாவில் வரவழைக்கும் முதலாளி, தலைக்கு 1,00,000 டாலர் கட்டவேண்டும் என்பதே அவ்வுத்தரவு. இவ்விசாவைப் பெறுவோரில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர்; பெரும்பாலோர் கம்ப்யூட்டர் தொழிலினர். நம்மவர் பிழைப்புக்கு ஆபத்து வந்ததே என்று புலம்புவதோடு நில்லாமல், அயல்நாட்டுத் திறமையை அமர்த்திக்கொள்வதால் யாருக்கு லாபம் என்பதை நிதானமாக ஆராய்வது நலம்.

இதை அறியச் சேலம், நாமக்கல் சீமையை விட்டு வெளியே போகவேண்டியதில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடநாட்டுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் சென்று கிணறு தோண்டுகின்றன. பாறையைத் துளைக்கும் வித்தை அறிந்தவன் வேற்றூரான் என்பதற்காக, வறண்ட நிலத்துக் குடியானவன் அவனைத் திருப்பியனுப்புகிறானா? தண்ணீர் கண்டபின் அந்நிலத்தில் உழுவோரும் நடுவோரும் அறுப்போரும் உள்ளூராரே அல்லவா?

கம்ப்யூட்டர் தொழிலின் கதையும் இதுவே. காணியை விற்றும் நகையை அடகு வைத்தும் பிள்ளையைப் படிக்கவைத்த செலவு நம்முடையது. அவன் உழைப்பின் பலனில் பெரும்பங்கு அவனை அமர்த்தும் தேசத்துக்குச் சேருகிறது. மதுரையில் பிறந்து, சென்னையில் வளர்ந்து, கரக்பூரில் பட்டம் பெற்ற சுந்தர் பிச்சை 2015-இல் கூகுளின் தலைமை நிர்வாகியானார். ஜெர்மனியின் அனுபவமும் கவனிக்கத்தக்கது. 2000-ஆம் ஆண்டில் 20,000 கம்ப்யூட்டர் நிபுணரை அழைக்க அந்நாட்டுச் சர்க்கார் முன்வந்தபோது, இந்தியர் வேண்டாமென்ற கோஷம் அங்கே தேர்தல் மேடையிலேயே கிளம்பிற்று. அதே ஜெர்மனி 2024-இல், தொழில் தேர்ந்த இந்தியருக்கு அளிக்கும் விசாக்களை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000-ஆக உயர்த்தத் தீர்மானித்தது. நஷ்டம் தரும் வியாபாரத்தை யார் இவ்விதம் பெருக்குவார்?

எதிர்வாதத்தையும் கேட்போம். சில கம்பெனிகள் மலிவான கூலிக்கு அயலாரை வைத்துக்கொண்டு சொந்த நாட்டாரை நீக்குவதாக அமெரிக்கத் தொழிலாளர் முறையிடுகின்றனர். இம்முறையீட்டில் நியாயமுண்டு. வேலையிழந்த விசாக்காரர் 60 நாட்களுக்குள் வேறு முதலாளியைத் தேடாவிடில் அந்நாட்டில் தங்க வழி குறுகிவிடுகிறது. அந்த அச்சத்தைக் காட்டியே அவர் கூலியைக் குறைக்கலாம். சமவேலைக்குச் சமக்கூலியும், தடையின்றி முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமையும் அளித்தால் இரு சாராரும் பிழைப்பர். தீர்வை போடுவதால் வேலை வேறு தேசத்துக்குப் பெயருமேயன்றி, கூலி உயராது.

பிறருக்குச் சொல்லும் நியாயம் நமக்கும் உண்டு. பள்ளிபாளையம், குமாரபாளையம் விசைத்தறிகளை நாடி வரும் வடமாநிலத் தொழிலாளருக்கு உள்ளூரார் பெறும் கூலியே கிடைக்கவேண்டும். சேலம் ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் அமைத்த தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் நம் இளைஞருக்கு வேலை பெருகவேண்டும். அதற்கு அயல்நாட்டு நிபுணர் தேவையெனில், அவர்களை அழைக்க நாம் கூசலாகாது. 1959-இல் சென்னை ஐ.ஐ.டி. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு, அந்நாட்டுப் பேராசிரியர்களின் துணைகொண்டே எழுந்தது. அதனால் நம் சுதந்திரம் குறைந்துவிடவில்லை. நம் பிள்ளைகளுக்கு வித்தை பெருகிற்று. மத்திய, மாநிலச் சர்க்கார்கள் இதை மறவாமல் ஆவன செய்யவேண்டுமென வற்புறுத்துகிறோம்.