முதலில் பதில் போட்டவருக்கே முதல் இடமா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோரும் கேட்கும் கேள்வி, "இதை வைத்து வீட்டில் உருப்படியாக என்ன செய்யலாம்?" என்பதுதான். பாட்டு, படம், கேம்ஸ் ஆகியவற்றைத் தாண்டி யோசிப்பவரா நீங்கள்? வீட்டில் டியூஷன் எடுப்பவர், யோகா அல்லது வீணை சொல்லித் தருபவர் யாராவது உங்கள் குடும்பத்தில் இருக்கிறார்களா? அப்படியென்றால் இது உங்களுக்குப் பயன்படும். யாரால் எப்போது வர முடியும் என்று கேட்டு, ஆட்களைக் குழுக்களாகப் பிரித்து நேரம் ஒதுக்குவதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். இதில் நான் செய்த தவறை முதலில் ஒப்புக் கொண்டு விடுகிறேன்.

என் அண்ணி திருச்சியில் பிசியோதெரபிஸ்ட். மூட்டுவலிக்காரர்களை நான்கு நான்கு பேராக உட்கார வைத்துப் பயிற்சி கொடுக்கிறார். ஒரே பயிற்சியைத் தனித்தனியாகப் பதினான்கு முறை சொல்ல வேண்டாம், வருபவர்களுக்கும் கட்டணம் குறைவு. மருத்துவத்தில் இந்தக் குழு முறை புதிதல்ல. புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையில் கிளாகோமா நோயாளிகளை ஐந்து ஐந்து பேராகச் சேர்த்துப் பார்க்கும் முறையை 1000 நோயாளிகளிடம் சோதித்திருக்கிறார்கள். ஒருவர் கேட்கத் தயங்கும் கேள்வியை இன்னொருவர் கேட்டு விடுவார் என்பதுதான் இதன் பலம்.

"தம்பி, நீங்க சாஃப்ட்வேர்ல இருக்கீங்களே, இந்த டைம் போடுற வேலைக்கு ஒரு வழி பண்ணுங்களேன்" என்றார் அண்ணி. நானும் இஞ்சினியரிங் படித்த மிதப்பில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். காலை 7, காலை 11, மாலை 4, மாலை 6 என்று நான்கு நேரங்கள். நேரத்துக்கு நான்கு பேர், ஆக மொத்தம் 16 இடங்கள். நோயாளிகளோ 14 பேர்தான். வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டோம். அதிகம் பேர் கேட்ட நேரத்தை முதலில் எடுத்து, முதலில் பதில் போட்ட நால்வரை அதில் நிரப்பி விட்டு, அடுத்த நேரத்துக்குப் போக வேண்டும். இதுதான் என் புரோகிராம்.

மாலை 6 மணியை ஒன்பது பேர் கேட்டிருந்தார்கள். முதல் நால்வருக்கு இடம் கிடைத்தது. கடைசியில் பார்த்தால் மூன்று பேருக்கு எங்கேயும் இடமில்லை, ஆனால் மற்ற நேரங்களில் ஐந்து இடங்கள் காலி! அந்த மூவரும் 6 மணிக்கு மட்டுமே வரக் கூடியவர்கள். இடம் பிடித்த நால்வரும் காலை 11 மணிக்கும் வர முடியும் என்று சொன்னவர்கள்.

விடுபட்ட மூவரில் ஒருவர் இரண்டு வீடுகளில் சமையல் வேலை பார்க்கும் அம்மா. நாள் முழுக்க நின்றே வேலை. பகலில் போனை எடுத்துப் பார்க்கவே நேரமில்லாதவர், அதனால் பதிலும் இரவில்தான் வந்தது. "இடமில்லை" என்று சொன்னதும் பேசாமல் போய் விட்டார். ஒன்றரை மாதம் கழித்து மகனின் தோளைப் பிடித்துக் கொண்டு வந்தார். "என்ன தம்பி, இப்படிப் பண்ணிட்டீங்க?" என்று அண்ணி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. புரோகிராமில் ஒரு பிழை கூட இல்லை, அது நான் சொன்னதைத்தான் செய்தது.

"முதலில் வந்தவருக்கு முதலிடம் என்பதுதானே நியாயம்?" என்று நீங்கள் கேட்கலாம். ரேஷன் கடை வரிசைக்கு அது சரி. அங்கே முன்னால் நிற்பவர் தன் நேரத்தைச் செலவழித்து நிற்கிறார். வாட்ஸ்அப்பில் முந்துபவர் எதையும் செலவழிப்பதில்லை, போன் கையில் இருக்கிறது, அவ்வளவுதான். ஓய்வாக இருப்பவர்தான் சீக்கிரம் பதில் போடுவார், அவருக்குத்தான் வேறு நேரங்களும் ஒத்து வரும். ஆகவே இந்த முறையில் வசதி இருப்பவருக்கே மேலும் வசதி போய்ச் சேருகிறது. என் கருத்து இதுதான்: யாருக்கு வழி குறைவோ அவருக்கு முதலில் இடம் கொடுங்கள்.

இதற்குப் புரோகிராம் எதுவும் தேவையில்லை. எக்ஸெல் போதும், அது இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். முதல் காலத்தில் பெயர்கள், அடுத்த நான்கு காலங்களில் நேரங்கள். வர முடிந்தால் 1, முடியாவிட்டால் 0 என்று டைப் செய்யுங்கள். கடைசிக் காலத்தில் ஆட்டோசம் பட்டனால் ஒவ்வொருவருக்கும் கூட்டுத்தொகை எடுங்கள். பிறகு தலைப்பு வரிசையோடு சேர்த்து டேபிள் முழுவதையும் செலக்ட் செய்து, டேட்டா டேபில் சார்ட் போய், கூட்டுத்தொகைக் காலத்தைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். கடைசிக் காலத்தை மட்டும் செலக்ட் செய்து விடாதீர்கள், பெயர்கள் அதோடு சேர்ந்து அடுக்கப்படாது. இனி மேலிருந்து கீழாக ஒவ்வொருவராக இடம் கொடுத்து வாருங்கள்.

அப்படியும் யாராவது மாட்டிக் கொண்டால்? ரயிலில் லோயர் பெர்த் மாற்றிக் கொள்கிறோமே, அதே வழிதான். அவர் கேட்கும் நேரத்தில் இருப்பவர்களில் யாரால் வேறு நேரத்துக்கு நகர முடியும் என்று பாருங்கள். அந்த வேறு நேரமும் நிரம்பியிருந்தால் அங்கிருந்து ஒருவரை நகர்த்த முடியுமா என்று பாருங்கள். இந்தச் சங்கிலித் தேடலை வேகமாகச் செய்யும் முறையை ஹாப்கிராஃப்ட், கார்ப் இருவரும் 1973-ல் வெளியிட்டார்கள். பதினான்கு பேருக்கு உங்கள் கண்ணே போதும்.

சில சமயம் எப்படி மாற்றினாலும் முடியாது. 6 மணிக்கு மட்டுமே வரக் கூடியவர்கள் ஐந்து பேர் இருந்து, இடம் நான்குதான் என்றால் எந்த சூப்பர் கம்ப்யூட்டராலும் ஆகாது. எந்தச் சில பேரை எடுத்துக் கொண்டாலும், அவர்கள் உட்காரக் கூடிய இடங்கள் அவர்கள் எண்ணிக்கைக்குக் குறையாமல் இருந்தால்தான் எல்லோருக்கும் இடம் கிடைக்கும் என்பது பிலிப் ஹால் 1935-ல் நிரூபித்த விஷயத்தின் சாரம். அப்போது இன்னொரு நாளில் 6 மணிக்குக் குழு திறப்பதுதான் வழி.

என் முறையிலும் ஓட்டை உண்டு. ஒரே நேரத்தை மட்டும் டிக் செய்தால் அது கட்டாயம் கிடைக்கும் என்று தெரிந்து விட்டால், எல்லோரும் ஒரே டிக்கோடு நிறுத்திக் கொள்வார்கள். அதனால்தான் இப்போது "எப்போது வசதி?" என்று கேட்பதில்லை. "எந்த நேரம் கண்டிப்பாக முடியாது, ஏன்?" என்று கேட்கிறோம். அதையும் குரூப்பில் கேட்பதில்லை, தனித்தனியாகத்தான். கூகுள் ஃபார்ம்ஸில் கேட்பவர்கள் மல்டிபிள் சாய்ஸை விட்டு விட்டு செக்பாக்ஸைத் தேர்ந்தெடுங்கள். முதலாவதில் ஒரு பதிலுக்கு மேல் டிக் செய்ய முடியாது.

புதிய அட்டவணையில் பதினான்கு பேருக்கும் இடம் கிடைத்தது, சமையல்கார அம்மாவுக்கு மாலை 6 மணி. ஓய்வு பெற்ற ஓர் அதிகாரிக்குத்தான் கோபம். "நான்தானேம்மா முதல்ல பதில் போட்டேன்?" என்றார். அண்ணி அந்த எக்ஸெல் ஷீட்டில் பெயர்களை மறைத்து விட்டு அவருக்குக் காட்டினார். சிறிது நேரம் பார்த்துக் கொண்டிருந்தவர் 11 மணிக்கே வருவதாக ஒப்புக் கொண்டார், ஃபேனுக்கு நேர் கீழே உள்ள பாய் தனக்குத்தான் என்ற நிபந்தனையோடு.